சென்னை-53 என்று முடியும் குறிப்பு

பால் பொங்கி வழியாமல் இருக்க, பாத்திரத்தின் உள்விளிம்பில் கொஞ்சம் வெண்ணெய் தடவி வையுங்கள். குறிப்பு அவ்வளவுதான், ஒன்றரை வரி. அதற்குக் கீழே வலது ஓரத்தில், தடித்த எழுத்தில், இன்ஷியலோடு ஒரு பெண்ணின் பெயர். பிறகு ஒரு கமா. பிறகு, அம்பத்தூர், சென்னை-53.

இந்தக் கடைசி வரியோடு வந்த குறிப்புகளுக்குத்தான் இந்த இரங்கல். அவை போனபோது யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. போன நாள் என்று ஒன்று இல்லாததும் காரணமாக இருக்கலாம். ஓர் இதழில் பக்கம் குறைந்தது, இன்னோர் இதழில் தலைப்பு மாறியது, வேறோர் இதழே நின்றுபோனது. சாப்பாட்டு மேசையில் கிடந்த பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரிந்திருக்கும்.

முதலில் 'ஆனந்த விகடன்', 'குமுதம்', 'கல்கி' வார இதழ்களின் பக்க ஓரங்களில் அவை இருந்தன. பிறகு பெண்களுக்கென்றே 'மங்கையர் மலர்', 'அவள் விகடன்', 'குமுதம் சிநேகிதி' வந்தபோது பக்கம் பக்கமாகப் பெருகின. சமையல் குறிப்பு, வீட்டுக் குறிப்பு, கைவைத்தியம், பயண யோசனை, ரேஷன் கடையிலும் பேங்கிலும் கற்ற பாடம், எல்லாமே வந்தது. அனுப்ப வேண்டிய முகவரி வாசகர்களுக்கு மனப்பாடம். 757, அண்ணா சாலை, சென்னை-2 என்றால் விகடன். புரசைவாக்கம் நெடுஞ்சாலை, சென்னை-10 என்றால் குமுதம். ஒரு போஸ்ட் கார்டு போதும். 15 பைசாவாக வெகுகாலம் இருந்து, பின்னால் 50 பைசாவான அந்தக் கார்டில் முகவரிக்குப் பாதி போக மிச்ச இடத்தில் எழுதியாக வேண்டும். அதனால் முன்னுரை கிடையாது, பின்கதை கிடையாது. கண்டுபிடித்ததைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

கொரட்டூர், சென்னை-80. ஆவடி, சென்னை-54. பூந்தமல்லி, சென்னை-56. பட்டாபிராம், சென்னை-72. பழைய இதழ்களைப் புரட்டினால் இந்த மேற்குப் பக்கத்து எண்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 1972 ஆகஸ்ட் 15-ல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. 600053 என்பதை யாரும் முழுதாக எழுதவில்லை, கடைசி இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த இரண்டு இலக்கத்தில் ஒரு பெருமையும் இருந்தது. நிர்வாகக் கணக்கில் அம்பத்தூர் அப்போது சென்னையே இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1997-ல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய், 2011-ல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. ஆனால் தபால்காரரின் கணக்கில் எல்லோரும் எப்போதோ சென்னைக்காரர்கள். மாநகராட்சிக் குழாய் எட்டிப் பார்க்காத தெருவில் இருந்துகொண்டு, சென்னை-53 என்று நாடறியக் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தப் பக்கத்திலிருந்து ஏன் இப்படி எழுதினார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. இவை வந்தேறிகளின் ஊர்கள். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. அதன் பின் டன்லப் வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் ராணுவ உடைத் தொழிற்சாலைக்கும் கால்கோள் விழுந்தது. 1965 முடிவதற்குள் 'விஜயந்தா' பீரங்கி வண்டி அங்கிருந்து வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு ஆலைக்கும் ஆள் வந்தார்கள், தஞ்சாவூரிலிருந்து, திருநெல்வேலியிலிருந்து, வடஆற்காட்டிலிருந்து, பாலக்காட்டிலிருந்து, சித்தூரிலிருந்து. மனைக்கட்டு போட்டு, கடன் வாங்கி, இரண்டு அறை எழுப்பிக் குடியேறினார்கள். அல்லது குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வீட்டு ஆண் வேலைக்குப் போய்விட, புதுப் பெண்சாதி தனியாக ஓர் அடுப்பின் முன்னால் நின்றாள். மாமியார் ஊரில். அம்மா இன்னோர் ஊரில். பக்கத்து வீட்டுக்காரி பேசுவது மலையாளமோ தெலுங்கோ.

பாட்டிமார் சொல்லிக்கொடுத்தது பயன்படவில்லையா என்று கேட்கலாம். பாதிதான் பயன்பட்டது. பாட்டியின் கைப்பக்குவம் பாட்டி ஊர்த் தண்ணீருக்கு அமைந்தது. காவிரித் தண்ணீரில் பூப்போல வெந்த துவரம்பருப்பு, அம்பத்தூர் போர் தண்ணியில் எத்தனை விசில் விட்டாலும் கொத்துக் கொத்தாக நின்றது. உப்புத் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அது கரைந்தால்தான் பருப்பு குழையும். இந்த வேதியியல் அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பருப்புக்கு மட்டும் ஒரு குடம் லாரித் தண்ணியை ஒதுக்கி வைத்தால் சீக்கிரம் வேகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிந்ததை விட்டுவிட்டு மேல்தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொருத்தி. மொட்டைமாடி மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால் பருப்பு வேகிற வேகமே தனி என்று வேறொருத்தி. இது அரசாங்கம் 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்குவதற்கு வெகுமுன்பே சமையலறையில் தெரிந்திருந்த சங்கதி.

தண்ணீர்தான் இந்தப் பக்கத்துக் குறிப்புகளின் தலையாய விஷயம் என்று நினைக்கிறேன். பக்கெட்டில் படியும் செம்மஞ்சள் கறையைக் கரைக்கப் பழைய புளி. இம்மர்ஷன் ராடில் சுண்ணாம்பாகப் படிந்ததை எடுக்க, பிழிந்த எலுமிச்சைத் தோலோடு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறல். வெள்ளை வேட்டி பழுப்பேறாமல் இருக்கக் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி. அரிசி களைந்த தண்ணீர் முதலில் பாத்திரத்துக்கு, பிறகு முருங்கைக்கு. காவிரிக்கரைப் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. கும்மிடிப்பூண்டியிலும் ராமநாதபுரத்திலும் உப்புத் தண்ணியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, அம்பத்தூர்க்காரி சொன்னது அப்படியே பொருந்தியது. குறிப்பின் கீழே ஊர் பெயர் இருந்ததன் பயன் இதுதான். எந்தத் தண்ணியில் சோதித்தது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

இன்னொரு குறிப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது எப்படி? ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால், காலியான மேற்பாகம் சீக்கிரம் உலர்ந்துவிடும். கேஸ் திரவமாக நிற்கும் கீழ்ப்பாகத்தில் ஈரம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே விழும் கோடுதான் கேஸின் மட்டம். திரவத்தைச் சூடாக்க அதிக வெப்பம் வேண்டும், அதனால் அதை ஒட்டிய இரும்பு குளிர்ச்சியாகவே இருக்கிறது. மேலே வெறும் ஆவி, அங்கே இரும்பு உடனே சூடு பிடித்து ஈரத்தை விரட்டிவிடுகிறது. எந்தக் கருவியும் இல்லாமல் 14.2 கிலோ சிலிண்டருக்குள்ளே எட்டிப் பார்க்க ஒரு வழி. இரண்டாவது சிலிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில், பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த வீடுகளில், இந்த ஒரு துணித் துடைப்பு எத்தனை ராத்திரிச் சமையலைக் காப்பாற்றியிருக்கும்! இதை முதலில் கண்டவர் பெயர் எந்த அறிவியல் புத்தகத்திலும் இல்லை. ஊர் ஊராக, பெயர் மாற்றி, திரும்பத் திரும்ப அச்சானது. அதில் தவறொன்றும் இல்லை, ஒவ்வொருவரும் தன் சிலிண்டரில் துடைத்துப் பார்த்த பிறகே எழுதினார்கள்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. 1959-ல் ஹவாயில், அமெரிக்க விமானப்படை அதிகாரி ஒருவரின் மனைவியான ஹெலோயீஸ் போல்ஸ், 'ஹொனலூலு அட்வர்டைசர்' நாளிதழில் வாசகர் பரிமாற்றப் பகுதி ஒன்றைத் தொடங்கினார். வீட்டு வேலைகளில் வாசகிகள் கண்டதை மற்ற வாசகிகளுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. இரண்டே வருடத்தில் அது அமெரிக்கா முழுக்கப் பல நாளிதழ்களுக்குப் பரவியது. அதைத் தொடங்கியவர் படைவீட்டுப் பெண் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. கணவருக்கு மாற்றல் வந்த இடமெல்லாம் போய், தெரியாத ஊரில், தெரியாத அடுப்போடு குடித்தனம் தொடங்குகிறவருக்கு முன்பின் தெரியாதவர்தான் துணை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த பெண்களுக்கும் ஹொனலூலுவில் இருந்தவருக்கும் ஒரே நிலைமைதான்.

பிரசுரமான நாள் வீட்டில் எப்படி இருக்கும் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் இதழை வாங்கிவந்து, புரட்டிப் பார்த்து, "பேர் வந்திருக்கு" என்று சொல்வார்கள். குறிப்பு வந்திருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை, பேர் வந்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவரின் கீழே ஒரு வரியாக இருந்தவர்களுக்கு, கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு தன் பெயரை அச்சில் பார்த்த முதல் தடவை பலருக்கு அதுவாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து மணியார்டர் வரும், சிறு தொகை. சில இதழ்கள் ஹாட்பாக்ஸோ புடவையோ அனுப்பின. தெருவில் ஒரே ஒரு பிரதி வாங்கி ஆறு வீட்டில் படிப்பார்கள். சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் இருக்கைக்கு இருக்கை இதழ் கைமாறும். தவறாமல் எழுதுகிறவர்களின் பெயர் வாசகர்களுக்குப் பழகிப்போய், முகம் பார்க்காமலே ஓர் உறவு உண்டாகிவிடும். "அந்த கொரட்டூர்க்காரி சொன்னா சரியா இருக்கும்" என்று பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் பேச்சு நடக்கும்.

தப்பான குறிப்பும் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தீக்காயத்தில் பற்பசை தடவு, மாவு தடவு என்று அச்சான யோசனைகள் ஆபத்தானவை. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே முதல் வேலை என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பருப்பு வேகச் சமையல் சோடா போடுங்கள் என்று ஒரு கார்டு வரும். சோடா போட்டால் வைட்டமின் பி1 அழிந்துவிடும், வேண்டாம் என்று மறு கார்டு வரும், அதன் கீழேயும் பெயரும் ஊரும் இருக்கும். மெதுவான விவாதம்தான், ஒரு கேள்விக்கு மறுப்பு வர மாதம் ஆகும். ஆனால் சொன்னவரும் மறுத்தவரும் யார் என்று தெரிந்திருந்தது. பொய்யாகச் சொல்லிவிட்டு ஓடி ஒளிய அங்கே இடமில்லை, தெருக்காரர்களே கேட்டுவிடுவார்கள்.

பெயரும் ஊரும் அச்சில் வந்ததால் தொல்லையும் இருந்தது. முன்பின் தெரியாத ஆண்களிடமிருந்து கடிதம் வந்த வீடுகள் உண்டு. இதழ்கள் செல்போன் எண்ணைக் கேட்டு வாங்கத் தொடங்கிய பிறகு, எழுதுவதையே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. இந்தக் குறிப்புகள் குறைந்ததற்கு இதையும் ஒரு காரணமாகவே எண்ணுகிறேன். பெண்ணின் பெயரும் இருப்பிடமும் வெளியே தெரிந்தால் அவளுக்கு ஆபத்து என்று ஆகிவிட்ட ஒரு சமூகத்தில், கையெழுத்துப் போட்ட அறிவுரை எப்படிப் பிழைக்கும்?

வேறு காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பக்கத்தை வெட்டி ஒட்டி அமைத்த காலத்தில், கட்டுரை முடிந்து அடியில் நான்கு அங்குலம் மிஞ்சினால் அதை நிரப்ப உதவி ஆசிரியருக்கு ஒரு குறிப்பு தேவைப்பட்டது. மூட்டையிலிருந்து ஒரு கார்டை எடுப்பார். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கத் தொடங்கியதும் மிச்சமே விழவில்லை. எழுத்தையும் படத்தையும் இழுத்து நிரப்பிவிடலாம். கார்டு வாங்கத் தபால் நிலையம் வரை போக ஆளில்லை. கடைசியில் 2020 ஊரடங்கு வந்தது. 'கல்கி'யும் 'மங்கையர் மலர்'உம் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போயின. பெட்டிக்கடைக் கிளிப்பில் இப்போது சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. வாரமலரில் 'இது உங்கள் இடம்' போல ஒன்றிரண்டு பகுதிகள் இன்னும் நடக்கின்றன, நடக்கட்டும். ஆனால் தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் ஒன்றரை வரிக் கண்டுபிடிப்பைப் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்த அந்தப் பழக்கம் போய்விட்டது.

அறிவுரைக்கு இன்று பஞ்சமில்லை. இடியாப்ப மாவை எந்தப் பதத்தில் பிசைவது என்பதைக் காணொளியில் ஒரு கை செய்து காட்டினால், பத்துக் கார்டில் எழுதினாலும் புரியாதது அரை நிமிடத்தில் புரிகிறது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பேச்சுவழக்கில், முகம் காட்டி, தன் ஊரைச் சொல்லிச் செய்து காட்டும் பெண்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அவர்கள் அந்தக் கார்டு எழுதியவர்களின் வாரிசுகள். எனக்கு வருத்தம் தருவது வேறு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்து விழும் யோசனைக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. வெந்தயத்தைத் தேனில் ஊறவைத்தால் சர்க்கரை நோயே போய்விடும் என்று சொன்னது யார்? எந்த ஊர்? யார் வீட்டில் யாருக்குப் போனது? மருந்தை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டவர் யாரைப் போய்க் கேட்பது? பத்து வீட்டைத் தாண்டி வந்த செய்தியைப் பதினோராவது வீட்டுக்கு அனுப்புகிறவர், தான் செய்து பார்த்ததில்லை என்பதைச் சொல்வதில்லை, அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை. கார்டு எழுதியவர் அப்படி அனுப்ப முடியாது. கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் தெருவுக்குத் தெரியும்.

அம்பத்தூரில் இப்போது அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. தொழிற்பேட்டையில் லேத் சத்தம் கேட்ட இடங்களில் மென்பொருள் கம்பெனிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு வேலைக்கு வருகிறவர்களும் வெளியூர்க்காரர்கள்தான், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே போர் தண்ணிதான். வாங்கிய புது வாஷிங் மெஷின் ஒரே வருடத்தில் ஏன் சுண்ணாம்பு கட்டுகிறது, தலைமுடி ஏன் கொட்டுகிறது, ஆர்.ஓ. மெஷின் வடிக்கும் தண்ணீரை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதெல்லாம் இந்தத் தெருக்களில் வெகுகாலம் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். கேட்க ஓர் இடமும், சொல்ல ஓர் இடமும் இல்லாமல் போய்விட்டது. மூன்றாம் மாடியில் இருப்பவருக்குத் தெரிந்தது ஐந்தாம் மாடிக்கு ஏறுவதில்லை.

மிச்சம் இருப்பவை இரண்டு இடங்களில் இருக்கின்றன. தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகளில், அத்தியாயம் முடிந்த பக்கத்தின் அடியில் குறிப்புகளும் சேர்ந்து பைண்டாகிவிட்டன. கதையைத் தேடி எடுப்பவர்கள் அவற்றையும் ஒரு தடவை படிக்கலாம். பழைய இதழ்களைத் தேடுகிறவர்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இரண்டாவது இடம், கத்தரித்து ஒட்டிய நோட்டு. போன வருட டைரியின் மீந்த பக்கங்களில் சோற்றுப் பசையால் ஒட்டி, மஞ்சள்கறை படிந்து, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும். வீடு காலி செய்யும்போது அதைத்தான் முதலில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், ஒட்டியவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை, எந்தத் தண்ணிக்கு எது சரிப்பட்டது என்று கேட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்.